தக்காளியில் வைரஸ்: பக்கத்துப் பாத்தி மிளகாய், வெண்டை, கொத்தமல்லி, புதினாவுக்கு எவ்வளவு ஆபத்து?

(விவசாயிகள் இணையத்தில் பேசிக்கொண்டது. தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

10 பிப்ரவரி 2024, மேட்டுக்காடு

பாலக்கோடு பக்கம். முக்கால் ஏக்கர் தக்காளி, குழித்தட்டு நாற்று, நட்டு 32 நாள். சில செடியில் நுனி கருகி, இளம் இலை வெண்கல நிறமாகி நிற்கிறது. வேறு சில செடியில் இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டது. ஒட்டியே மிளகாய், வெண்டை, கத்தரி. வாய்க்கால் ஓரம் கொத்தமல்லி, புதினா, மணத்தக்காளி. ஊரில் ஒருத்தர் "இது வெளிநாட்டுப் பழுப்புச் சுருக்க வைரஸ், கீரை வரைக்கும் எல்லாத்தையும் பிடிக்கும், மொத்தத்தையும் உழுதுடு" என்கிறார். கடையில் கேட்டால் மூணு பாட்டில் எடுத்து வைக்கிறார்கள். உழணுமா, தெளிக்கணுமா?

10 பிப்ரவரி, வரப்போரம்

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். "வைரஸ்" என்ற ஒரே சொல்லை வைத்து ஆபத்தைக் கணக்குப் போட முடியாது. எதில் ஏறி வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பாத்திக்குப் போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்லலாம். காய்கறியில் பெரும்பாலும் நாலு வழி:

வெள்ளை ஈ: தக்காளி இலைச்சுருள், வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல், மிளகாய் இலைச்சுருள்.
இலைப்பேன்: தக்காளி மொட்டுக் கருகல் (ஜிபிஎன்வி, அதாவது நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ்).
அசுவினி: வெள்ளரித் தேமல் வைரஸ், பப்பாளி வளையப்புள்ளி.
கை, கத்தி, விதை: புகையிலைத் தேமல், தக்காளித் தேமல், உங்க ஊர்க்காரர் சொல்லும் பழுப்புச் சுருக்க வைரஸ்.

நுனி கருகலும் வெண்கல நிறமும் முதலில் காட்டுவது ஜிபிஎன்வியை. பழுப்புச் சுருக்க வைரஸ் 2014-ல் இஸ்ரேலிலும் 2015-ல் ஜோர்டானிலும் கண்ணாடிக்குடில், வலைக்குடில் தக்காளியில் பிடிபட்டது. அதில் இலைத் தேமல், இலை ஒடுங்குதல், பழத்தில் பழுப்பு நிறச் சொரசொரப்பு வரும். மொட்டு கருகி நிற்பது அதன் முகம் கிடையாது. கொத்தமல்லி, புதினா அதன் பயிர்களும் இல்லை. அதன் இலக்கு தக்காளியும் மிளகாய் வகையும்.

10 பிப்ரவரி, வரப்போரம்

விட்டுப்போனது: படம் போடும்போது செடியின் முழு உருவம், நுனி, இலையின் அடிப்பக்கம் மூன்றும் வேண்டும். ஒற்றை இலையைப் பறித்து வெயிலில் வைத்து எடுத்த படத்தில் எல்லா நோயும் ஒரே மாதிரிதான் தெரியும்.

11 பிப்ரவரி, குழித்தட்டு

எண்ணிப் பார்க்காமல் யாரும் ஆபத்து பேச வேண்டாம். வயலில் ஐந்து இடம்: நாலு மூலையிலிருந்து பத்தடி உள்ளே, நடுவில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் வரிசையாக 20 செடி. நோய் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்கக்கூடாது, எண்ணிக்கை கெட்டுப்போகும். நுனி கருகல் ஒரு கணக்கு, இலைச்சுருள் ஒரு கணக்கு. சேர்த்து எழுதினால் பயனில்லை.

100 செடியில் ஒன்றுகூட இல்லை என்றாலும் "நோயே இல்லை" ஆகாது. 3 சதவீதம் வரை இருந்தாலும் இப்படி சுத்தமாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

பூச்சிக்கு: வெள்ளைத் தாளை நுனிக் கொழுந்துக்கும் பூவுக்கும் கீழே பிடித்து மூணு தட்டு. பத்துச் செடி போதும். மஞ்சள் நிறத்தில் ஊசி முனை அளவில் ஓடுவது இலைப்பேன். வெள்ளை ஈயைக் காலையில் வெயில் ஏறுமுன் பாருங்கள், மேல், நடு, கீழ் என மூன்று இலையின் அடியில். இலையை வெடுக்கென்று திருப்பினால் பறந்துவிடும்.

13 பிப்ரவரி, மேட்டுக்காடு

எண்ணியாச்சு. நுனி கருகல் 9. இலைச்சுருள் 4. கருகலில் ஆறு கிழக்கு ஓரத்திலேயே, அந்தப் பக்கம் தரிசு, முழுக்கப் பார்த்தீனியம். சுருளல் நாலும் வயல் முழுக்கச் சிதறி. தாளில் தட்டியதில் இலைப்பேன் தக்காளியில் செடிக்கு ஒன்று இரண்டு, கத்தரியில் நிறைய. வெள்ளை ஈ இலைக்கு இரண்டு மூணு.

13 பிப்ரவரி, வரப்போரம்

இதில் நிறைய இருக்கிறது.

9/100 என்றால் உண்மை அளவு 4-லிருந்து 16 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். அடுத்த வாரம் 12 வந்தால் "கூடிப்போச்சு" என்று பதற வேண்டாம். 25 வந்தால் கூடியிருக்கிறது.

எண்ணிக்கையை விட இடம் முக்கியம். ஓரத்தில் அடர்ந்து உள்ளே குறைந்தால் வெளியிலிருந்து பூச்சி கொண்டு வருகிறது. திட்டுத் திட்டாக இருந்தால் வயலுக்குள்ளேயே பரவுகிறது. ஒரே வரிசையில் தொடர்ச்சியாக இருந்தால் கட்டிய கை, கிள்ளிய கை. நட்ட முதல் மூணு வாரத்திலேயே அங்கொன்று இங்கொன்றாகச் சிதறி இருந்தால் நாற்றோடு வந்திருக்கிறது.

உங்கள் கருகல் கிழக்கு ஓரத்திலிருந்து. சுருளல் பெரும்பாலும் நாற்றங்காலிலிருந்து. நாற்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை, வலை இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜிபிஎன்வி விஷயத்தில் எல்லோரும் தவற விடுவது: இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சினால்தான் வைரஸ் அதன் உடம்பில் ஏறும். வளர்ந்த பூச்சி நோய்ச்செடியில் எவ்வளவு உட்கார்ந்தாலும் புதிதாகப் பெறாது. குஞ்சிலேயே பெற்றது சாகிற வரைக்கும் பரப்பும். ஆகவே எந்தச் செடியில் இலைப்பேன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறதோ, அதுவும் வைரஸ் உள்ள செடியாக இருந்தால், அதுதான் ஊற்று. பரப்புகிற முக்கியமான இலைப்பேனுக்குக் கத்தரியும் வெள்ளரி வகையும் மிகப் பிடித்த இடம். தாளில் தட்டியதில் கத்தரியில்தான் நிறைய என்கிறீர்கள். தக்காளிக்கு மட்டும் மருந்தடித்துக் கத்தரியை விட்டால் செலவுதான் மிச்சம்.

13 பிப்ரவரி, மேட்டுக்காடு

வலை இல்லை. நிழல்வலை மட்டும்.

14 பிப்ரவரி, குழித்தட்டு

நிழல்வலை வெயிலுக்கு. வெள்ளை ஈ அதில் உள்ளே வந்து வெளியே போய் சம்பந்தி வீடு மாதிரி உலாவும். 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) நைலான் வலை, இரண்டு கதவு, ஒன்று மூடிய பிறகு மற்றது திறப்பது. இலைப்பேனுக்கு 50 மெஷ் கூடப் பெரிய ஓட்டை, அதற்கு இன்னும் நெருக்கமான வலை, அப்புறம் உள்ளே புழுக்கம் ஏறி நாற்று வெளுக்கும். நாற்றங்காலில் வெள்ளை ஈக்கு முதலிடம் கொடுங்கள்.

14 பிப்ரவரி, செம்மண்காடு

பார்த்தீனியத்தை ஜிபிஎன்வியோடு மட்டும் முடிச்சுப் போடாதீங்க. அதில் புகையிலைக் கீற்று வைரஸ் வெளியே தெரியாமலே இருக்கும். 2000-ல் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலையில் தண்டு கருகி இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதித்தது அதனால்தான். அந்த வைரஸ் பூந்தூளில் இருக்கிறது. இலைப்பேன் மேலே பூந்தூளைச் சுமந்து வந்து, சுரண்டும் காயத்தில் தூள் பட்டு நோய் ஏறுகிறது. இலைப்பேன் உடம்பில் வைரஸ் பெருகுவதில்லை. அதனால் பூக்கும் முன்பே பார்த்தீனியத்தை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. பூத்தபின் வெட்டி அங்கேயே போட்டால், தூளைத் தட்டிவிட்ட கணக்கு.

வெண்டைக்கும் உளுந்துக்கும் இந்த வைரஸ் வரும். கிழக்கு ஓரத்துக்கு அடுத்து வெண்டையா மிளகாயா?

14 பிப்ரவரி, மேட்டுக்காடு

வெண்டைதான்.

15 பிப்ரவரி, வரப்போரம்

அப்போ பார்த்தீனியம் முதல் வேலை. ஈரமிருக்கும்போது வேரோடு, கையுறை போட்டுக்கொண்டு. தோல் அரிப்பு வரும்.

இனி பயிர் வாரியாக. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியது: வருமா, எந்த வயதில் வரும், வந்தால் விற்கிற பாகத்தில் எவ்வளவு போகும்.

மிளகாய்: ஜிபிஎன்வி வரும், இலைச்சுருளும் வரும். பயிர்க்காலம் நீளம். உங்கள் தோட்டத்தில் அதிக ஆபத்து இதற்குத்தான்.

மணத்தக்காளி: கீரை என்று தனியாக வைக்காதீர்கள். தக்காளிக் குடும்பம். வெள்ளை ஈ வைரஸும் தேமல் வைரஸும் அதில் தங்கும், சில சமயம் அடையாளமே காட்டாது. வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்து வருஷம் முழுக்க நிற்பதால் ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டத்துக்குப் பாலம். நாற்றங்கால் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குப்பைமேனி, ஊமத்தையும் இதே பட்டியல்.

வெண்டை: மஞ்சள் நரம்புத் தேமல் அதன் சொந்த வைரஸ், தக்காளியிலிருந்து வருவதில்லை. ஆனால் கொண்டு வருவது அதே வெள்ளை ஈ. வயதுதான் எல்லாம்: முளைத்த முதல் மாதத்தில் பிடித்தால் கிட்டத்தட்ட முழு விளைச்சலும் போகும், 65 நாளில் பிடித்தால் ஏறக்குறைய பாதி. உங்கள் வெண்டை காய்ப்பின் கடைசியில் இருந்தால் கவலையை வேறு எங்காவது செலவிடுங்கள்.

கொத்தமல்லி: 40, 45 நாளில் பிடுங்கிக் கட்டுகிற பயிர். தக்காளியின் இந்த இரண்டு நோயும் அதற்குப் பிரச்சினையே இல்லை. அசுவினி வழியாக வெள்ளரித் தேமல் வரலாம், அடையாளம் தெரியுமுன் சந்தைக்குப் போய்விடும். மஞ்சளானால் முதலில் வேர் அழுகல், வெயில், தழைச்சத்துக் குறைவு பாருங்கள். விதைக்கு விட்டால் மூணு மாதத்துக்கு மேல் நிற்கும், அப்போது கணக்கு மாறும்.

புதினா: இதற்கு வேறு தர்க்கம். தண்டு வைத்துப் பெருக்குகிறோம், ஆகவே தாய்ச்செடியில் வைரஸ் ஏறினால் அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தண்டிலும் இருக்கும். வட இந்தியப் புதினாவில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் பதிவாகியிருக்கிறது. வருகிற வாய்ப்பு குறைவு, வந்தால் போகாது. தண்டு எடுக்கும் தாய்ப்பாத்தியைத் தக்காளி, மிளகாயிலிருந்து தள்ளி வையுங்கள். மஞ்சள் வலைபோல் தெரியும் கொடியை அடியோடு எடுங்கள்.

15 பிப்ரவரி, செம்மண்காடு

துளசி, திருநீற்றுப்பச்சை விட்டுட்டீங்க.

15 பிப்ரவரி, வரப்போரம்

திருநீற்றுப்பச்சைக்கு அசுவினி வழி வைரஸ்களும் இலைப்பேன் வழி வைரஸ்களும் வரும். ஆனால் இலை மேலே மஞ்சள் பட்டை, அடியில் சாம்பல் பூச்சு இருந்தால் அது அடிச்சாம்பல் நோய், பூஞ்சை போன்ற கிருமியால் வருவது. நிறையப் பேர் இதை வைரஸ் என்று சொல்லிச் செடியைப் பிடுங்குகிறார்கள்.

16 பிப்ரவரி, குழித்தட்டு

நோய்ச்செடியைப் பிடுங்கணும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? நட்ட 25, 30 நாள் வரை பிடுங்கி, வேறு நாற்று நடுவதுதான் வழக்கம்.

16 பிப்ரவரி, வரப்போரம்

நோயைப் பொறுத்தது. இலைச்சுருள் செடி வயலுக்குள்ளேயே ஊற்று: அதில் உட்கார்ந்த வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்குக் கொண்டு போகும். 4 சதவீதத்தில் பிடுங்குவது பயன் தரும். 30 சதவீதத்தில் பிடுங்கினால் வயல் காலியாகும், நோய் நிற்காது.

மொட்டுக் கருகல் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பூச்சியால். உள்ளுக்குள் செடிக்குச் செடி பரவல் குறைவு. நிலக்கடலையில் இதே வைரஸுக்கு, பிடுங்காமல் நெருக்கி விதைக்கச் சொல்கிறார்கள்: செடிகள் மூடினால் இலைப்பேன் இறங்குவது குறையும், பிடுங்கினால் வெற்றிடம் விழுந்து இன்னும் வந்து இறங்கும். தக்காளிக்கு இடைவெளி தேவை, அப்படியே எடுத்து வைக்க முடியாது. 35 நாள் ஆன வயலில் நுனி கருகிய செடி காய் தராது. வளைய வடு விழுந்த காயை யாரும் வாங்கமாட்டார்கள். எடுத்துவிடலாம், "எடுத்ததால் நோய் நிற்கும்" என்று நம்ப வேண்டாம். புது நாற்றை இந்த வயதில் இடையில் நடுவது வீண்: குட்டி நாற்று, பெரிய பூச்சிக் கூட்டம்.

16 பிப்ரவரி, குழித்தட்டு

நாற்று விற்கிறவன்கிட்டேயே நாற்று வேண்டாம் என்கிறீங்க. சரி, இந்த ஒரு தடவை ஒத்துக்கிறேன்.

18 பிப்ரவரி, மேட்டுக்காடு

தெளிப்பு?

18 பிப்ரவரி, வரப்போரம்

வெள்ளை ஈ வைரஸைப் பெறப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை உறிஞ்ச வேண்டும், பிறகு பல மணி நேரம் கழித்துத்தான் பரப்பும். அதனால் நாற்றிலும் நட்ட முதல் மாதத்திலும் வெள்ளை ஈயைக் குறைத்தால் இலைச்சுருள் குறையும். அசுவினி வெள்ளரித் தேமலைச் சில வினாடி குத்தலிலேயே பெற்று அடுத்த செடியில் சில வினாடியில் கொடுத்துவிடும். மருந்து பட்டுச் சாகுமுன் வேலையை முடித்திருக்கும். சில மருந்து அதைக் கிளப்பி இன்னும் நாலு செடியில் குத்த வைக்கும். அசுவினிக்கு, மேல்பக்கம் வெள்ளி நிறம், கீழ்ப்பக்கம் கறுப்பு உள்ள மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) பரவாயில்லை, செடி மூடுகிற வரை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் அட்டை, செடி நுனிக்குச் சற்று மேலே. இது கண்காணிக்க, கொல்ல இல்லை. கத்தரியில் வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, காதி சோப்பு கரைத்துக் கலந்து, மாலையில், இலை அடியில் படும்படி. கூடினால் மட்டும் கடை மருந்து, ஒரே குழு மருந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடர வேண்டாம். கொத்தமல்லி, புதினா பக்கம் ஊடுருவும் மருந்து காற்றில் போகக்கூடாது. அதை நாளைக்கே யாராவது பச்சையாகத் தின்பார்கள்.

21 பிப்ரவரி, மேட்டுக்காடு

மிளகாயும் சுருள ஆரம்பிச்சுடுச்சு. அதுவும் வைரஸா?

21 பிப்ரவரி, செம்மண்காடு

முரணையில் (மிளகாய் இலை சுருளுவதில்) பாதி வைரஸே கிடையாது. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு போல் வளைந்தால் இலைப்பேன் சுரண்டல். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்தால் மஞ்சள் சிலந்தி; கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். சிலந்தியைப் பூச்சி மருந்தால் அடித்துப் பார்த்து "வைரஸ், கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு. அதற்குச் சிலந்திக் கொல்லியோ நனையும் கந்தகமோ வேண்டும், கந்தகம் உச்சி வெயிலில் கூடாது. பத்து நாளில் புதுத்துளிர் நேராக வந்தால் வைரஸ் இல்லை. நரம்பு மஞ்சளாகி, புதுத்துளிரும் சிறுத்துச் சுருண்டே வந்தால் வைரஸ்.

22 பிப்ரவரி, குழித்தட்டு

பக்கத்தில் கரும்போ மக்காச்சோளமோ இருக்கா? 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்தாலும் தக்காளி இலை பெரணி மாதிரி ஒடுங்கும். அடித்த டேங்கையே கழுவாமல் தக்காளிக்குப் பயன்படுத்தினாலும் இதேதான். அடையாளம்: எல்லாச் செடியிலும் ஒரே நாளில், காற்று வந்த பக்கம் அதிகம், சில வாரத்தில் புதுத்துளிர் தேறும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்க, கழுவி நம்பாதீங்க.

கறிவேப்பிலை சுருளல் கேட்பதற்கு முன்பே சொல்கிறேன்: அது பெரும்பாலும் சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி.

26 பிப்ரவரி, மேட்டுக்காடு

மிளகாயில் மேல்நோக்கித்தான். இலைப்பேன். ஊர்க்காரர் விடவில்லை, பட்டைச் சோதனை (வைரஸ் இருந்தால் கோடு காட்டும் ஸ்ட்ரிப்) வாங்கி ஒரு தேமல் இலையில் போட்டார், கோடு விழுந்தது. "பார், பழுப்புச் சுருக்க வைரஸ்" என்கிறார்.

26 பிப்ரவரி, வரப்போரம்

எந்தப் பட்டை? புகையிலைத் தேமலுக்கானது என்றால் அது தக்காளித் தேமலுக்கும் பழுப்புச் சுருக்க வைரஸுக்கும் சேர்த்தே கோடு காட்டும், உறவுக்கார வைரஸ்கள். பெயர் சொல்ல பிசிஆர் (ஆய்வக மரபணுச் சோதனை) வேண்டும். இளம் இலையை உலர்ந்த காகிதத்தில் சுற்றி, நீர் சேர்க்காமல், குளிர்ச்சியாக (உறைய வைக்காமல்) அனுப்புங்கள்.

ஆனால் எந்த உறவுக்காரராக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஏனென்றால் இவை கையில் போகும். பீடி, புகையிலை தொட்ட கையே புகையிலைத் தேமலைக் கொண்டு வரும். அந்தச் செடியையும் இரண்டு பக்கமும் நிற்கும் செடிகளையும் கடைசியில் தொடுங்கள். கிள்ளுவது, குச்சிக்குக் கட்டுவது எல்லாம் நல்ல வரிசையில் ஆரம்பித்து அங்கே முடிய வேண்டும். கட்டிய சணலை மறுபட்டத்துக்கு வைக்க வேண்டாம். காய் எடுக்கும் கிரேட்டை (பெட்டியை) சோப்பால் மண் போகத் தேய்த்துவிட்டு, 0.5 சதவீத ஹைப்போகுளோரைட். கடையில் கிடைப்பது 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்கணும். மண் ஒட்டியிருந்தால் அதன் வீரியம் மண்ணிலேயே போய்விடும்.

கைக்கு: கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 200 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். வரிசைக்கு வரிசை கை முக்கி எடுங்கள். பால் புரதம் வைரஸைப் பொதிந்து வேலை செய்யவிடாது. டீக்கடைச் சர்க்கரைப் பால்பவுடர் வேண்டாம், எறும்பு மட்டும் நன்றி சொல்லும்.

27 பிப்ரவரி, செம்மண்காடு

விதையில் வருமே?

27 பிப்ரவரி, குழித்தட்டு

வரும், விதைத் தோலில். முளைக்குருவுக்குள் போவதில்லை, அதனால் விதையிலிருந்து நாற்றுக்குப் போவது மிகக் குறைவு. ஆனால் ஆயிரத்தில் ஒரு நாற்று போதும், நாற்றைத் தூக்கி நடுகிற கை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சொந்த விதை எடுப்பவர்கள்: டிரைசோடியம் பாஸ்பேட் லிட்டருக்கு 100 கிராம், மூணு மணி நேரம், பிறகு ஓடும் தண்ணீரில் வழுவழுப்பு போகும் வரை கழுவி நிழலில் உலர்த்தல். கையுறை கட்டாயம், தோலை அரிக்கும். இது தேமல் குடும்பத்துக்கு மட்டும். மொட்டுக் கருகல் விதையில் வராது, அதற்கு இதைச் செய்வது வீண்.

விதை நிறுவனச் சான்றில் "3000 விதையில் இல்லை" என்று போட்டிருந்தால், ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பூஜ்யம் என்று படிக்காதீங்க.

3 மார்ச், மேட்டுக்காடு

மறுபடி எண்ணினேன். கருகல் 14, சுருளல் 5. பார்த்தீனியம் எடுத்தாச்சு. காய் பிடித்துவிட்டது.

3 மார்ச், வரப்போரம்

14 என்பது 9-லிருந்து அவ்வளவு தூரம் இல்லை, தற்செயலாகவும் வரும். 54 நாள் ஆன செடிக்கு இனி வரும் நோயால் இழப்பு குறைவு. உழவு என்ற பேச்சை விடுங்கள். கத்தரியை மட்டும் வாரம் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

அடுத்த பட்டத்துக்கு: தக்காளி, மிளகாய், மணத்தக்காளி எதுவுமில்லாத இடைவெளி மூணு நாலு வாரமாவது. கிழக்கு ஓரத்தில் மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக மூணு நாலு வரிசை, நடுவதற்கு இரண்டு மூணு வாரம் முன்பே. நட்ட அன்றைக்கு விதைத்தால் சோளம் முழங்கால் உயரம் வருமுன் இலைப்பேன் வந்து போயிருக்கும். நாற்று வலைக்குள்ளிருந்து. கத்தரி தக்காளிக்குக் காற்று வரும் பக்கத்தில் வேண்டாம்.

5 மார்ச், மேட்டுக்காடு

பிடுங்கின செடியைக் குப்பைக்குழியில் போடலாமா? ஆடு தின்னுமா?

5 மார்ச், செம்மண்காடு

ஆட்டுக்குத் தக்காளிச்செடி நல்லதில்லை, மருந்தும் பட்டிருக்கு. கருகல், சுருளல் செடியில் வைரஸ் செடி காய்ந்ததும் முடிந்தது. பிடுங்கியதை வரப்பிலேயே குவித்தால் பூச்சி பக்கத்துச் செடிக்கு இறங்கும். அதனால் பிடுங்கும்போதே சாக்குப்பையில் போட்டுக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குழியில் போடுங்க.

தேமல் செடி குழிக்கு வேண்டாம். காய்ந்த சருகிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மிளகாய்த் தேமல் வைரஸ் ஒன்று மனிதக் குடலையே தாண்டி வருகிறது. தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கா என்று பார்க்க அதைத்தான் அடையாளமாகத் தேடுறாங்க. உங்க குப்பைக்குழி அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. தனியா எரிச்சுடுங்க.